ஒரு ஓவர்



பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இதற்கு ஒரு பத்து நிமிடம் கொடுங்கள்.

போன குளிர்காலத்தில் மகள் வீட்டில் மிச்சிகனில் இருந்தேன். பேரன் நாலாம் வகுப்பு. பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்து பேர் வாங்கிய ஒருவரைப் பற்றி எழுதி, அட்டையில் ஒட்டி, வகுப்பு முன்னால் நின்று பேச வேண்டும். அவன் தேர்ந்தெடுத்தது ஒரு பேஸ்பால் வீரரை. பெயர் ஜிம் அபாட்.

"தாத்தா, நீங்க மேத்ஸ் டீச்சர்தானே? இவரோட நம்பரெல்லாம் நீங்க பார்த்துக் கொடுங்க" என்றான். எனக்குப் பேஸ்பால் தெரியாது. கிரிக்கெட் தெரியும். நம் பள்ளி கிரிக்கெட் அணியை ஐந்தாறு வருடம் நான் பார்த்துக்கொண்டது பழைய பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். அந்தத் தைரியத்தில் உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கிரிக்கெட்டில் பௌலர் போல, பேஸ்பாலில் பந்து எறிபவருக்குப் பிட்சர் என்று பெயர். பந்து தரையில் குத்தி எழாது, நேராகப் போகும். நம் விக்கெட்டுக்கு விக்கெட் தூரம் 66 அடி. அங்கே 60 அடி 6 அங்குலம். இன்னும் நெருக்கம். மட்டையில் பட்ட பந்து பிட்சரின் முகத்துக்கே திரும்பி வர அரை நொடிகூட ஆகாது. அதனால் களத்தில் நிற்கும் எல்லோரையும் போல அவரும் ஒரு கையில் பெரிய தோல் கையுறை மாட்டியிருப்பார். ஒரு கை எறிய, ஒரு கை பிடிக்க. இரண்டு கையும் இல்லாமல் நடக்காத ஆட்டம்.

ஜிம் அபாட் பிறந்தது 1967 செப்டம்பரில். பிறக்கும்போதே வலது கையில் மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.

இதைப் படித்ததும் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அவர் வளர்ந்த பிளின்ட் நகரம், மகள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம். மோட்டார் தொழிற்சாலைகளை நம்பி வாழ்ந்த ஊர். பிள்ளை பிறந்தபோது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பதினெட்டு வயதுதான். சின்ன வயதில் மருத்துவர்கள் இரும்புக் கொக்கி வைத்த செயற்கைக் கை ஒன்றைப் பொருத்தினார்கள். பையனுக்கு அது பிடிக்கவில்லை. மற்ற பிள்ளைகள் பார்த்து மிரண்டார்கள். கொஞ்ச காலத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டான்.

அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கையுறையை வலது முன்கையின் நுனியில் சும்மா தாங்க வைத்துக்கொள்வது. இடது கையால் பந்தை எறிவது. எறிந்த மறு கணம் அதே இடது கையைக் கையுறைக்குள் நுழைப்பது. பந்து திரும்பி வந்தால் பிடிப்பது. பிடித்ததும் கையுறையை வலது கைக்கும் மார்புக்கும் நடுவே இடுக்கி, இடது கையைப் பந்தோடு உருவி, மறுபடி எறிவது.

எழுத எனக்கு ஐந்து வரி ஆகிறது. அவருக்கு ஒரு நொடி. அந்த ஒரு நொடிக்காக வீட்டுச் செங்கல் சுவரில் பந்தை அடித்து அடித்துப் பழகியிருக்கிறார். கொஞ்சம் பழகியதும் சுவருக்கு இன்னும் கிட்டே போய் நிற்பாராம். கிட்டே போனால் பந்து சீக்கிரம் திரும்பும், கை மாற்ற நேரம் குறையும். நாம் கணக்கில் ஒரே வகையைத் திரும்பத் திரும்பப் போட்டு, பிறகு எண்களைக் கடினமாக்கிக்கொண்டே போவோமே, அதேதான்.

உயர்நிலைப் பள்ளியில் எதிரணிக்காரர்கள் இவரைச் சோதித்தார்கள். ஓங்கி அடிக்காமல், பந்தை மெதுவாக மட்டையால் தட்டிவிட்டு ஓடுவது ஒரு தந்திரம். ஒரு கை உள்ளவன் ஓடி வந்து எடுத்து எறிவதற்குள் நாம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற கணக்கு. ஒருவர் பின் ஒருவராகத் தட்டினார்கள். இவர் ஒருவர் பின் ஒருவராக அவுட் செய்தார். தந்திரம் கைவிடப்பட்டது.

பிறகு மிச்சிகன் பல்கலைக்கழக அணி. 1987-ல் அமெரிக்க அணிக்காக ஹவானா போய், கியூபாவை அவர்கள் மண்ணிலேயே வென்றார். கால் நூற்றாண்டாக எந்த அமெரிக்க பிட்சருக்கும் அது வாய்க்கவில்லை. அந்த வருடத்துக்கான சல்லிவன் விருது கிடைத்தது. தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாத விளையாட்டு வீரர்களுக்கு அமெரிக்காவில் கொடுக்கும் பெரிய விருது அது. பேஸ்பால் வீரர் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல் முறை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் பேஸ்பால் காட்சிப் போட்டியாக நடந்தது. இறுதி ஆட்டத்தில் ஜப்பானுக்கு எதிராக முழு ஆட்டமும் இவரே எறிந்தார். 5-3 என்று அமெரிக்கா வென்றது.

பொதுவாக அங்கே எவ்வளவு திறமைசாலி என்றாலும் கீழ்நிலை அணிகளில் சில வருடம் ஆடிய பிறகுதான் மேஜர் லீக். இவர் 1989-ல் நேராக கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியில் இறங்கினார். கூட்டம் சேர்க்கத்தான் இவரை எடுத்தார்கள் என்று பேசியவர்களும் உண்டு. முதல் வருடம் 12 வெற்றி, 12 தோல்வி. பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

பேரனுக்காக இதையெல்லாம் தாளில் குறித்துக்கொண்டு வந்தவன், ஓரிடத்தில் நின்றுவிட்டேன். அது பெரிய ஆட்டம் எதுவும் இல்லை. அவருடைய மூன்றாம் வகுப்பில் நடந்த ஒரு சின்ன விஷயம்.

பையனுக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது. ஒரு கையால் எப்படிக் கட்டுவது? யாராவது கட்டிவிட வேண்டும். அவருடைய மூன்றாம் வகுப்பு ஆசிரியர் இதைக் கவனித்திருக்கிறார். வீட்டுக்குப் போய், ஒரு கையை முஷ்டியாக மூடிக்கொண்டு, மற்றொரு கையால் மட்டும் லேஸ் கட்டிப் பழகியிருக்கிறார். வழி பிடிபட்டதும் ஒருநாள் பையனை வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய், உட்கார வைத்து, கற்றுக்கொடுத்தார். பெரியவரான பிறகும், மேடைகளில் பேசும்போதும் அபாட் அந்த ஆசிரியரை மறக்காமல் சொல்வார்.

பள்ளிக்கூடம் சம்பளம் கொடுத்த வேலை இல்லை அது. பாடத்திட்டத்திலும் இல்லை.

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, வாசலில் கிடந்த என் ஷூவை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். ஆயுள் முழுக்கச் செருப்போடு திரிந்தவன் நான். பனிக்காக மருமகன் வாங்கிக் கொடுத்த ஷூ அது. வலது கையை மூடிக்கொண்டு இடது கையால் கட்டப் பார்த்தேன். ஒரு நுனியைப் பல்லில் கடிக்கலாமா என்றுகூடத் தோன்றியது. முக்கால் மணி நேரம் ஆகியும் முடிச்சு விழவில்லை. தண்ணீர் குடிக்க வந்த மகள், "என்னப்பா பண்றீங்க இந்நேரத்துல?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிப் படுக்கப் போனேன். தூக்கம் வரவில்லை.

கண்ணாடியைத் துடைத்த காரணம் இதுதான்.

1987. ரிலையன்ஸ் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்த வருடம். சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்று ஊரே சோறு இறங்காமல் கிடந்தது. பள்ளியில் மட்டை பிடிக்காத பையன் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன். பிறவியிலேயே இடது கையில் விரல்கள் கிடையாது. கணக்கில் கெட்டிக்காரன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவன் ஒருநாள் சாயங்காலம் மைதானத்தில் என் பக்கத்தில் வந்து நின்றான். "சார், நானும் பௌலிங் போடட்டுமா சார்?"

வலது கை நன்றாக இருந்த பையன். பந்து போட வலது கை போதும். எனக்கு அது தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியதெல்லாம், பந்து திரும்பி வந்து அடித்துவிட்டால்? கேட்ச் விட்டால் பசங்க சிரித்தால்? பிள்ளை மனசு நோகுமே? தோளில் கை போட்டுச் சொன்னேன்: "உனக்கெதுக்குப்பா இந்த வம்பு? உன் கையெழுத்து அழகா இருக்கு. நீ ஸ்கோர் எழுது. இனிமே நம்ம டீமோட ஸ்கோரர் நீதான்."

அவன் "சரி சார்" என்றான். பத்தாம் வகுப்பு முடியும் வரை ஒரு பந்து தவறாமல் ஸ்கோர் எழுதினான்.

அன்று வீட்டுக்குப் போகும்போது, ஒரு பிள்ளையை நோகாமல் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியோடு சைக்கிள் மிதித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக அதை ஒரு நல்ல காரியமாகவே என் கணக்கில் வைத்திருந்தேன். கடல் தாண்டி வந்து, ஒரு மூன்றாம் வகுப்பு ஆசிரியரைப் பற்றிப் படித்த பிறகுதான், அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

அபாட் கதையை முடித்துவிடுகிறேன். பேரன் அட்டையின் நடுவில் பெரிதாக ஒட்டியது 1993 செப்டம்பர் 4-ஐ. அப்போது அவர் நியூயார்க் யாங்கீஸ் அணியில். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதே கிளீவ்லாண்ட் அணியிடம் 7 ரன் கொடுத்து நாலாவது இன்னிங்ஸிலேயே வெளியே போயிருந்தார். இன்று யாங்கீ ஸ்டேடியத்தில் மறுபடி அவர்கள்தான். ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். ஆக 27 அவுட். அந்த 27-ம் முடியும் வரை எதிரணியில் ஒருவராலும் ஒரு ஹிட்கூட அடிக்க முடியாமல் போனால் அதற்கு நோ ஹிட்டர் என்று பெயர். பெரிய பெரிய பிட்சர்களுக்கே ஆயுளில் அது வாய்ப்பதில்லை.

ஐந்து பேரை இலவசமாக முதல் பேஸுக்குப் போக விட்டார், நம் வைடு மாதிரி. ஆனால் ஹிட் ஒன்றும் விழவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் முதலில் வந்த கென்னி லாஃப்டன் பழைய தந்திரத்தையே எடுத்தார். மெதுவாகத் தட்டிவிட்டு ஓடப் பார்த்தார். அரங்கமே ஊளையிட்டது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம். கை இல்லாதவர் பாவம் என்று லாஃப்டன் நினைக்கவில்லை. எதிரே நிற்பது ஒரு பிட்சர், அவரை எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது? தட்டிய பந்து கோட்டுக்கு வெளியே போனது. பிறகு அவர் அவுட். கடைசியாக கார்லோஸ் பாயர்கா அடித்த பந்து தரையோடு உருண்டு ஷார்ட்ஸ்டாப்பிடம் போனது. அவுட். 4-0. ஜிம் அபாட் நோ ஹிட்டர் எறிந்துவிட்டார்.

பேரன் இதோடு நிறுத்திக்கொள்ளப் பார்த்தான். யாராக இருந்தாலும் இங்கேதான் நிறுத்துவார்கள். கைதட்டல் விழும் இடம் இதுதான். நான் விடவில்லை. "நம்பரெல்லாம் நான்தானே பார்க்கணும்னு சொன்ன? மீதி நம்பரையும் எழுது" என்றேன்.

மீதி நம்பர் இது. 1991-ல் 18 வெற்றி, 11 தோல்வி. அந்த வருடம் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் கொடுத்த ரன் 2.89. மறு வருடம் 1992-ல் அந்தச் சராசரி 2.77. அதாவது முன்னைவிட நன்றாக எறிந்திருக்கிறார். ஆனால் 7 வெற்றி, 15 தோல்வி. அவர் எறிந்த நாட்களில் அவருடைய அணி ரன் எடுக்கவில்லை, அவ்வளவுதான். நன்றாகப் படித்தும் மார்க் வராத பிள்ளைகளுக்கு இந்த வரி.

1996-ல் 2 வெற்றி, 18 தோல்வி. சராசரி 7.48. இங்கே சாக்கு எதுவும் இல்லை, எறிந்தது சரியில்லை. ஆரம்பத்தில் தாண்டி வந்த கீழ்நிலை அணிக்கு, முதல் முறையாக அனுப்பப்பட்டார். 1997-ல் அணியே இல்லை, வீட்டில் இருந்தார். 1998-ல் கீழே இருந்து மறுபடி தொடங்கி, ஒயிட் சாக்ஸ் அணிக்கு ஏறி வந்து 5 ஆட்டம் எறிந்தார். ஐந்தும் வெற்றி. 1999-ல் மில்வாக்கி அணியில் 2 வெற்றி, 8 தோல்வி. அந்த லீக்கில் அப்போது பிட்சரும் மட்டை பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு கை மனிதர் 21 முறை மட்டை பிடித்து 2 ஹிட்டும் அடித்தார். அந்த வருடத்தோடு விடைபெற்றார்.

மொத்தம் கூட்டினால் 87 வெற்றி, 108 தோல்வி.

"தாத்தா, தோத்ததுதான் ஜாஸ்தி. இதைப் போடணுமா?" என்று கேட்டான் பேரன்.

போடணும் என்றேன். அந்த 108 சும்மா கிடைப்பதில்லை. மேஜர் லீக்கில் 108 முறை தோற்க வேண்டுமென்றால், 108 முறை ஒருவர் நம்பிப் பந்தை உங்கள் கையில் கொடுத்திருக்க வேண்டும். நேற்றுத் தோற்றவனிடம் ஐந்து நாள் கழித்து மறுபடி பந்தைக் கொடுத்திருக்க வேண்டும். அவரைப் பாவம் பார்த்து யாராவது ஸ்கோர் எழுத உட்கார வைத்திருந்தால், தோல்வி ஒன்றுகூட வந்திருக்காது. 87-ம் வந்திருக்காது.

நான் அன்று என் மாணவனிடமிருந்து தோல்வியைத்தான் எடுத்துக்கொண்டேன். அடி வாங்கும் ஓவரை, கேட்ச் விடும் வெட்கத்தை, மறுநாள் மறுபடி வந்து நிற்கும் பிடிவாதத்தை. அவற்றோடு சேர்த்து வேறு எதை எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அவனுக்கும் தெரிய வழியில்லை.

அபாட் தன் சுயசரிதையில் ஒன்று சொல்லியிருக்கிறார். சின்ன மகளின் பள்ளிக்குப் பேசப் போனபோது, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் மகள் எழுந்து, அப்பாவுக்கு அந்தச் சின்னக் கையைப் பிடிக்குமா என்று கேட்டுவிட்டாள். பிடிக்கும் என்று சொன்னார். எப்போதும் பிடித்ததில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஒரு குழந்தை நேராகக் கேட்கிறது. எழுபத்திரண்டு வயதான எனக்கு ஏன் முடியவில்லை?

ஊர் திரும்பியதும் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் நம்பர் வாங்கி அவனுக்குப் போன் செய்தேன். நெல் மண்டியில் கணக்குப் பார்க்கிறான். மகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டான். குரல் கேட்டதும், "சார், நல்லா இருக்கீங்களா? உடம்பு எப்படி இருக்கு?" என்று பாசமாகப் பேசினான். நான் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தேன். அன்றைக்குப் பந்து கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா என்றேன்.

"ஸ்கோர் எழுதினதாலதான் சார் எனக்குக் கணக்கு வசப்பட்டுச்சு. இன்னைக்கு வரைக்கும் அதுதான் சோறு போடுது" என்றான். எனக்கு அப்பாடா என்று இருந்தது. போனை வைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவனே சொன்னான்.

"பந்து போட்டிருந்தா அடி வாங்கியிருப்பேன் சார். பசங்க சிரிச்சிருப்பானுங்க. அது தெரியும். ஆனா ஒரே ஒரு ஓவர் குடுத்திருக்கலாம் சார்."

கோபமாகச் சொல்லவில்லை. குறையாகக்கூடச் சொல்லவில்லை. நான் "தப்புதாம்பா" என்றேன். "ஐயோ விடுங்க சார்" என்றான். இதைப் பதிவாக எழுதட்டுமா என்று கேட்டேன். பேர் போடாம எழுதுங்க என்றான். அதனால் பேர் இல்லை. அவனோடு படித்தவர்களுக்குத் தெரிந்துவிடும். கருத்துப் பகுதியிலும் பேர் சொல்லாமல் இருங்கள்.

என் மாணவர்களில் நாற்பது பேருக்கு மேல் இன்று ஆசிரியர்கள். உங்களுக்குத்தான் முக்கியமாக இதை எழுதினேன். கை, கால், பேச்சு, பார்வை, எதில் குறை இருந்தாலும் ஒரு பிள்ளை வந்து "நானும் வரட்டுமா சார்" என்று கேட்டால், வேண்டாம் என்பதற்கு முன்னால் ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் உங்கள் ஒரு கையை மூடிக்கொண்டு அந்த வேலையைச் செய்து பாருங்கள். வழி கிடைத்தால் சொல்லிக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள், அது கண்டுபிடித்து வைத்திருக்கும்.

ஷூ லேஸ் விஷயம்: பதினோராவது நாள் முடிச்சு விழுந்தது. கொஞ்சம் தளர்வுதான். தெரு முனை வரை தாங்கியது.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்